சிக்னலில் நின்றால் ஏறும் முள்: பழைய மாருதி 800-இன் ரேடியேட்டர் ஃபேன் மின்கோளாறு

வண்டி 1998 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் எஞ்சின், ஏசி கிடையாது. பைபாஸில் ஓடும்போது டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேயே நிற்கிறது. ஊருக்குள் வந்து இரண்டு மூன்று சிக்னலில் நின்றதும் மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. மறுபடி வேகம் எடுத்தால் இறங்கிவிடுகிறது. உரிமையாளரிடமிருந்து இரண்டு தகவல்கள் கிடைத்தன: ஃபேன் ஓடுவதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறார், சில நாள் அது சுற்றவே சுற்றாது. ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றினாலும் இரண்டும் உண்மைதான், இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

வண்டி இந்த நிலைக்கு வருவதற்குள் வெவ்வேறு இடங்களில் மூன்று வேலைகள் நடந்திருந்தன. ஃபேனை இயக்கும் தெர்மோ சுவிட்ச் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்திருந்தார்கள். கடைசியாக, ஃபேனின் எர்த் வயரில் ஒட்டுப் போட்டு, தெர்மோ சுவிட்சைத் தவிர்த்து, டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாதா சுவிட்ச் வழியாக 'டைரக்ட்' கொடுத்திருந்தார்கள். அந்தச் சுவிட்சைப் போட்டாலும் முள் இறங்கவில்லை. பாகம் மாறியது, கோளாறு மாறவில்லை. காரணம், மூன்று வேலைகளில் எதிலும் யாரும் லோடு இருக்கும் நிலையில், அதாவது ஃபேன் கரன்ட் இழுத்துக்கொண்டிருக்கும்போது, வோல்டேஜை அளக்கவில்லை.

அறிகுறி எதைச் சொல்கிறது

ஓடும்போது சரியாகவும் நிற்கும்போது சூடாகவும் இருந்தால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்று பொருள். மணிக்கு 40, 50 கி.மீ. வேகத்துக்கு மேல் முன்னாலிருந்து வரும் காற்றே போதும். ஃபேனுக்கு வேலையே இல்லை. நேர்மாறாக, ஊருக்குள் சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் வேகத்தில் போகும்போது சூடானால் ஃபேனைத் தொடவே வேண்டாம். ரேடியேட்டர் குழாய் அடைப்பு, வாட்டர் பம்ப், உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டுவிட்டால் பாதி நேரம் மிச்சமாகும்.

மின்சாரத்துக்குப் போகுமுன் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) அளவைப் பார்ப்பது கட்டாயம், அதுவும் எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து. ரிசர்வ் பாட்டிலில் நீர் தெரிவதால் ரேடியேட்டர் நிறைந்திருக்கிறது என்று நம்ப முடியாது. மட்டம் குறைந்து காற்றுக் குமிழ் சேர்ந்தால் தெர்மோ சுவிட்சின் நுனி நீரில் மூழ்காமல் காற்றில் நிற்கும். எஞ்சின் கொதித்தாலும் சுவிட்சுக்குச் சூடு தெரியாது, ஃபேன் ஓடாது. மின்கோளாறு என்று நினைத்து வயரைத் தேடும் பல வண்டிகளில் உண்மையில் அரை லிட்டர் நீர்தான் குறைந்திருக்கும். இந்த வண்டியில் மட்டம் சரியாக இருந்தது, மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் நல்ல நிலையில் இருந்தன, ரேடியேட்டர் இதழ்களும் பெரிதாக அடைபடவில்லை.

சுற்று எப்படிப் போகிறது

எஞ்சின் கம்ப்யூட்டர் வராத காலத்துச் சுற்று இது, எளிமையானது. இந்த வண்டியில் வயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தபோது கிடைத்த பாதை: பேட்டரி பிளஸ், இக்னிஷன் சுவிட்ச், 15 ஆம்ப் ஃபியூஸ், ஃபேன் மோட்டார், மோட்டாரின் மறுமுனையிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் உலோகக் குழாய்) திருகியிருக்கும் தெர்மோ சுவிட்ச், அங்கிருந்து எஞ்சின் பிளாக், எர்த் பட்டை, பேட்டரி மைனஸ். நடுவில் ரிலே, அதாவது சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இணைக்கும் மின்காந்தச் சுவிட்ச், இல்லை. மோட்டார் இழுக்கும் மொத்தக் கரன்ட்டும் இக்னிஷன் சுவிட்சின் கான்டாக்ட் வழியாகவும், தெர்மோ சுவிட்சின் சின்னக் கான்டாக்ட் வழியாகவும் போய்த்தான் ஆக வேண்டும்.

தெர்மோ சுவிட்சில் டெர்மினல் ஒன்றுதான். அதன் பித்தளை உடலும் மரையும்தான் எர்த். இது பின்னால் முக்கியமாகிறது.

மாடலுக்கு மாடல் ஃபியூஸின் இடமும் வயர் நிறமும் மாறும். சில கார்களில் சுவிட்ச் ரேடியேட்டரின் கீழ்த் தொட்டியில் இருக்கும், சிலவற்றில் இரண்டு டெர்மினல் இருக்கும், சிலவற்றில் ரிலே ஆரம்பத்திலிருந்தே இருக்கும். ஆனாலும் மின்சாரம் போகும் வரிசை பெரும்பாலும் இதுதான்: ஊட்டம், காப்பு, மோட்டார், சுவிட்ச், எர்த். அந்த வரிசையைத் தாளில் வரைந்துகொண்டு ஒவ்வொரு இணைப்பையும் எண்ணினால், இந்த எளிய சுற்றில்கூட பத்துக்கு மேற்பட்ட தொடு இடங்கள் இருக்கும். இருபத்தைந்து வருடத்தில் அவை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் களிம்பு ஏறியிருக்கும்.

முதல் வெட்டு

சோதனைக்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். சாவி ஆன் நிலையில் ஃபேன் எந்த நொடியிலும் தானாகச் சுற்றத் தொடங்கும். விரல், வேட்டி, துப்பட்டா, மீட்டரின் வயர் எதுவும் பிளேடுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் நீண்ட நேரம் வைத்தால் இக்னிஷன் காயில் சூடாகும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்துவிட வேண்டும்.

தெர்மோ சுவிட்சின் வயரைக் கழற்றி, ஒரு தடித்த ஜம்பர் வயரால் நேராக பேட்டரி மைனஸில் தொட வேண்டும். இரண்டு டெர்மினல் சுவிட்சாக இருந்தால் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் கோளாறு சுவிட்சிலோ எர்த்திலோ இருக்கிறது. ஓடவே இல்லையென்றால் மோட்டாரிலோ, பிளஸ் பக்கத்திலோ, மோட்டாரிலிருந்து சுவிட்சுக்கு வரும் வயரிலோ இருக்கிறது. சுற்றை நடுவில் வெட்டிப் பாதியைத் தள்ளிவிடும் சோதனை இது. ஒரு நிமிடம் போதும்.

இந்த வண்டியில் ஃபேன் ஓடியது, ஆனால் மந்தமாக. சுவிட்சும் எஞ்சின் எர்த்தும் இப்போது பாதையில் இல்லை, இருந்தும் வேகமில்லை. அப்படியானால் பிளஸ் பக்கத்திலோ, மோட்டாரிலோ, மோட்டாரிலிருந்து சுவிட்சுக்கு வரும் வயரிலோ கட்டாயம் ஒரு கோளாறு உண்டு. மைனஸ் பக்கம் நன்றாக இருக்கிறது என்பதற்கும் இன்னும் சான்று இல்லை. முன்பு தெர்மோ சுவிட்சை மாற்றியவர் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் சுவிட்சின் விலை மிச்சமாகியிருக்கும்.

'டைரக்ட்' ஏன் பலிக்கவில்லை என்பதும் இங்கே விளங்கிவிடுகிறது. டாஷ்போர்டு சுவிட்ச் செய்த வேலையும் இதே எர்த் வேலைதான். அதையும் மெல்லிய வயரில், முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு வழியாகச் செய்தது.

'கரன்ட் வருது' என்ற பேச்சு

மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, வரும் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டியது. இங்கேதான் பலர் 'கரன்ட் வருது, மோட்டார் போச்சு' என்று முடிவு கட்டுகிறார்கள். டிஜிட்டல் மல்டிமீட்டர் கிட்டத்தட்ட கரன்ட்டே இழுப்பதில்லை. வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது முழு 12 வோல்ட்டையும் காட்டும். எட்டு ஆம்ப் இழுக்கும்போது அந்த இழை என்ன செய்யும் என்பதை மீட்டர் சொல்லாது. ஓம் அளவையில் வைத்துக் 'கன்டினியூட்டி' பார்ப்பதும் அப்படித்தான். 0.08 ஓம் எதிர்ப்பு இந்தச் சுற்றைக் கெடுக்கப் போதும். சாதாரண மீட்டரின் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். கோளாறைவிட அளக்கும் வயரின் எதிர்ப்பு அதிகம் என்றால் பீப் ஒலி கேட்டு என்ன பயன்?

எனவே பிளக்கை மாட்டியபடியே, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிளக்கின் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி அளக்க வேண்டும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, தெர்மோ சுவிட்ச் தானே இணைந்த நிலையில், எஞ்சினை அணைத்துச் சாவியை ஆனில் வைத்து எடுத்த அளவுகள் இவை.

பேட்டரி முனைகளில் 12.3 வோல்ட். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கிடையே 9.6 வோல்ட். வழியில் தொலைந்தது 2.7 வோல்ட்.

அடுத்து அந்த 2.7 எங்கே போனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் அளவையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி பிளஸிலும் மறுமுனையை மோட்டாரின் பிளஸ் டெர்மினலிலும் வைத்தால் பிளஸ் பக்க இழப்பு நேரடியாகத் தெரியும்: 1.5 வோல்ட். மோட்டாரின் மைனஸ் டெர்மினலிலிருந்து பேட்டரி மைனஸுக்கு 1.2 வோல்ட். இரண்டையும் கூட்டினால் 2.7 வர வேண்டும். வராவிட்டால் மீட்டர் முனை எங்கோ சரியாகத் தொடவில்லை, மறுபடி அளக்க வேண்டும்.

பிளஸ் பக்கத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தபோது, பேட்டரியிலிருந்து ஃபியூஸின் உள்முனை வரை, அதாவது இக்னிஷன் சுவிட்சையும் சேர்த்து, 0.4. ஃபியூஸின் இரண்டு பக்கக் கிளிப்புகளுக்கிடையே 0.7. ஃபியூஸிலிருந்து மோட்டார் பிளக்கைத் தாண்டி 0.4. மைனஸ் பக்கத்தில், மோட்டாரிலிருந்து தெர்மோ சுவிட்சின் டெர்மினல் வரை 0.3, அந்த 'டைரக்ட்' ஒட்டு இந்த வழியில்தான் இருந்தது. டெர்மினலிலிருந்து சுவிட்சின் பித்தளை உடல் வரை 0.1. பித்தளை உடலிலிருந்து மேனிஃபோல்டுக்கு 0.5. மேனிஃபோல்டிலிருந்து பேட்டரி மைனஸுக்கு 0.3.

நல்ல நிலையில் இருக்கும் சுற்றில் பிளஸ் பக்கம் முழுவதற்கும் 0.3 முதல் 0.5 வரை, எர்த் பக்கத்துக்கு 0.2 வரை இழப்பு இருந்தால் பொறுக்கலாம். ஒரே ஒரு இணைப்பில் 0.1-க்கு மேல் விழுந்தால் அதைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

9.6 வோல்ட்டில் ஓடும் ஃபேனின் வேகம், முழு வோல்ட்டேஜில் ஓடும்போது இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. காற்றின் அளவும் அதே விகிதத்தில் குறையும். பார்ப்பவர் கண்ணுக்கு 'ஃபேன் ஓடுகிறது'. ரேடியேட்டருக்கு அது போதவில்லை. உரிமையாளரின் முதல் தகவல் பொய்யில்லை என்றது இதனால்தான்.

கரன்ட்டை அளந்தபோது

வோல்ட்டேஜ் குறைந்தால் ஃபேன் மோட்டார் இழுக்கும் கரன்ட்டும் குறைய வேண்டும். இந்த அளவுள்ள ஃபேன் 12 வோல்ட்டில் 6, 7 ஆம்ப் இழுக்கும். 9.6 வோல்ட்டில் அதைவிட நன்றாகவே குறைந்திருக்க வேண்டும். ஆனால் கிளாம்ப் மீட்டர் (வயரை வெட்டாமல் வெளியே கவ்விக் கரன்ட்டை அளக்கும் கருவி) 8.5 ஆம்ப் காட்டியது. ஆய்வின் திருப்பம் இந்த அளவில்தான்.

இங்கே கருவி பற்றி ஒரு சொல். கிளாம்ப் மீட்டர் டிசி அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டு எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் பல மீட்டர்கள் ஏசி மட்டுமே அளக்கும், கார் வயரில் பூஜ்யம்தான் காட்டும். மல்டிமீட்டரின் 10 ஆம்ப் துளையில் தொடராக இணைத்தும் பார்க்கலாம். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் இழுப்பு பல மடங்கு உயரும், மீட்டரின் ஃபியூஸ் போகும் வாய்ப்பு அதிகம். ஃபேன் ஓடத் தொடங்கிய பிறகு மீட்டரைப் பாதையில் சேர்ப்பது நல்லது.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி மைனஸைக் கழற்றி, பிளேடைக் கையால் சுற்றிவிட்டபோது கால் சுற்றில் நின்றது. நல்ல மோட்டார் இரண்டு மூன்று சுற்றாவது தானாகப் போகும். பிளேடின் நடுவைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் தண்டு ஆடியது. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, எண்ணெய் வற்றியிருந்தது. ஃபேன் கிளம்ப மறுத்த ஒரு தருணத்தில் மோட்டாரின் கூட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டியதும் ஓடியது. தட்டினால் ஓடும் மோட்டாரில், சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் பெரும்பாலும் தேய்ந்திருக்கிறது என்று பொருள். சில நாள் சுற்றவே இல்லை என்ற இரண்டாவது தகவலுக்கும் இதோ விளக்கம்: தேய்ந்த கார்பன், இறுகிய புஷ், போதாத வோல்ட்டேஜ் மூன்றும் சேர்ந்தால் மோட்டாருக்குக் கிளம்பும் பலம் இருக்காது.

இப்போது காரணச் சங்கிலி முழுதாகத் தெரிகிறது. புஷ் வற்றியதால் மோட்டார் கூடுதல் கரன்ட் இழுத்தது. அந்தக் கரன்ட் ஃபியூஸ் கிளிப்பைச் சூடாக்கியது. 0.7 வோல்ட்டை 8.5 ஆம்பால் பெருக்கினால் கிட்டத்தட்ட 6 வாட். விரல் நக அளவுள்ள இடத்தில் ஆறு வாட் வெப்பம். கிளிப்பின் ஸ்பிரிங் பிடிப்பு அதில் தளர்ந்தது, உலோகத்தின் மேல் களிம்பு ஏறியது, எதிர்ப்பு இன்னும் கூடியது, சூடும் கூடியது. ஃபியூஸ் பெட்டியின் பிளாஸ்டிக் அந்த இடத்தில் பழுப்பேறி வளைந்திருந்தது. ஃபியூஸ் மட்டும் போகவேயில்லை, ஏனென்றால் 8.5 ஆம்ப் 15 ஆம்ப் ஃபியூஸைத் தொடாது. ஃபியூஸ் நன்றாக இருப்பதால் சுற்றும் நன்றாக இருக்கிறது என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்தக் கிளிப்பே போதும்.

இப்படிப் பழுப்பேறிய பெட்டியில் 25, 30 ஆம்ப் ஃபியூஸ் போடுவது, வயர் இழையைச் சுற்றி வைப்பது ஆகியவற்றைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். அடுத்ததாக உருகப்போவது வயர். அது ஓடுவது பெட்ரோல் ஹோஸுக்கு மிக அருகில்.

டெஃப்லான் டேப்

மேனிஃபோல்டுக்கும் சுவிட்ச் உடலுக்கும் இடையே விழுந்த 0.5 வோல்ட்டுக்கு விளக்கம் சுவிட்சைக் கழற்றியதும் கிடைத்தது. கசிவுக்குப் பயந்து குழாய் வேலைக்காரர்களின் வெள்ளை டெஃப்லான் டேப்பை மரை முழுக்கப் பல சுற்று சுற்றியிருந்தார்கள். மரையே எர்த் ஆக இருக்கும் ஒற்றை டெர்மினல் சுவிட்சில் டெஃப்லான் டேப் ஒரு இன்சுலேட்டர். இறுக்கும்போது மரை முனைகள் டேப்பைக் கிழித்து ஓரிரு இடத்தில் உலோகத்தைத் தொடும். அந்தச் சின்னத் தொடுகை வழியாக எட்டு ஆம்ப் போக வேண்டியிருந்தது. நல்ல சுவிட்சைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல சுவிட்சைப் போட்டு, கூடவே ஒரு புதிய கோளாறையும் சேர்த்துவிட்டார்கள். டெம்பரேச்சர் மீட்டரின் சென்சாரும் இதே வகை ஒற்றை வயர் என்றால் அதன் மரையிலும் டேப் சுற்றக் கூடாது. எர்த் கெட்டால் முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், ஓட்டுநருக்கு எச்சரிக்கை தாமதமாகும்.

கழற்றிய சுவிட்சைச் சோதிப்பது எளிது. பாத்திரத்தில் நீர் வைத்து, சுவிட்சின் நுனி மட்டும் மூழ்கும்படி கம்பியில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, பேட்டரியோடு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராக இணைக்க வேண்டும். ஏறத்தாழ 90 முதல் 95 டிகிரிக்குள் பல்பு எரியும். நீர் ஆறும்போது அதைவிட சில டிகிரி கீழே வந்த பிறகே அணையும். அந்த இடைவெளி இல்லையென்றால் ஃபேன் நொடிக்கு நொடி விட்டு விட்டு ஓடும். சரியான அளவு சுவிட்சின் அறுகோணத்தில் பொறித்திருக்கும், அல்லது பணிமனைக் கையேட்டில் இருக்கும். பீப் ஒலிக்குப் பதில் பல்பைப் போடச் சொல்வது, கருகிய கான்டாக்ட்டை லோடு மட்டுமே காட்டிக்கொடுக்கும் என்பதால். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் நீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பாத்திரத்தில் சுவிட்ச் இணையாவிட்டால் அது கெட்டது என்று சொல்ல முடியாது.

சரிசெய்தது

மோட்டார் முதலில். கார்பன் மட்டும் தேய்ந்திருந்தால் ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் மாற்றிக்கொள்ளலாம். கம்யூட்டேட்டரை (கார்பன் உரசும் செம்பு வளையம்) மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, துண்டுகளுக்கிடையே உள்ள பள்ளத்தைச் சுத்தம் செய்தால் இன்னும் சில வருடம் ஓடும். எமரித் தாளைப் பயன்படுத்தக் கூடாது, அதன் துகள் பள்ளத்தில் தங்கிக் கேடு செய்யும். தண்டு ஆடும் அளவுக்குப் புஷ் தேய்ந்த மோட்டாரில் கார்பன் போடுவது பணத்தை வீணாக்குவது. மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் காந்தத்தில் உரசத் தொடங்கிவிடும். எனவே இங்கே மோட்டாரையே மாற்றியது.

புது மோட்டார் போட்டதும் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். இது நிலைக்காந்த மோட்டார். பிளஸும் மைனஸும் மாறினால் எதிர்த்திசையில் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை முன்னிருந்து பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒரு செய்தித்தாள் துண்டை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் வயர் மாறியிருக்கிறது. பிளேடைத் திருப்பி மாட்டிவிட்டாலும் திசை சரியாக இருந்து காற்று மட்டும் குறையும். பிளேடின் எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று கழற்றும்போதே குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்து ரிலே. இந்த வண்டிக்குச் செய்த வேலைகளில் மிக அதிகப் பயன் தந்தது இதுதான், செலவும் சில நூறு ரூபாய்க்குள். நான்கு முனை, 12 வோல்ட், 30 ஆம்ப் ரிலே, சாக்கெட்டோடு. பேட்டரி பிளஸிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் வயர்; பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 20 ஆம்ப் பிளேடு ஃபியூஸ், நீர் புகாத ஹோல்டரில். அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் முனைக்கு (முனை எண்கள் ரிலேயிலேயே பொறித்திருக்கும்; 30, 87 கான்டாக்ட் முனைகள், 85, 86 காயில் முனைகள்). 87-ஆம் முனையிலிருந்து அதே தடிமனில் மோட்டாரின் பிளஸுக்கு. மோட்டாரின் மைனஸ் தெர்மோ சுவிட்சுக்குப் போகாமல் நேராக பாடியில் தனி எர்த். பழைய மோட்டார் பிளக்கில் வந்த இரண்டு வயர்களில், ஃபியூஸிலிருந்து வருவது ரிலேயின் 86-க்கும், தெர்மோ சுவிட்சுக்குப் போவது 85-க்கும் போகிறது. கம்பெனி வயரிங்கில் எதையும் வெட்டத் தேவையில்லை. பழைய பிளக்குக்குப் பொருந்தும் டெர்மினல் போட்டால் போதும், பின்னால் யாராவது பழைய நிலைக்குத் திருப்ப நினைத்தால் ஐந்து நிமிட வேலை.

இதனால் இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ் கிளிப், தெர்மோ சுவிட்ச் மூன்றும் இனிமேல் தாங்குவது ரிலே காயிலின் 0.15 ஆம்ப் அளவு மட்டுமே. முன்பு அரை வோல்ட் விழுங்கிய அதே மரைத் தொடுகையில் இப்போது ஏறக்குறைய 0.01 வோல்ட்தான் விழும். உரிமையாளர் கேட்ட கைச் சுவிட்சும் இருக்கலாம்: 85-ஆம் முனையிலிருந்து ஒரு மெல்லிய வயர் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக எர்த்துக்குப் போனால் போதும், அதிலும் 0.15 ஆம்ப்தான். எஞ்சின் அறையையும் உள்ளறையையும் பிரிக்கும் தகடான ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில், வயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) கட்டாயம். காயிலுக்குக் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் ஒரு ஆம்ப் டையோடு ஒன்றைக் கோடு போட்ட முனை 86 பக்கம் இருக்கும்படி வைத்தால் தெர்மோ சுவிட்சின் கான்டாக்ட் பொறியில்லாமல் நீண்ட நாள் உழைக்கும். மாற்றி வைத்தால் சுவிட்ச் இணைந்ததும் டையோடோ ஃபியூஸோ போகும்.

ரிலேயை முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி, ஹெட்லைட்டுக்குப் பின்னால், தெறிக்கும் நீர் படாத இடத்தில் வைக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் மழைநீர் சாக்கெட்டில் தேங்கும்.

எர்த்துகளுக்கு நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவை கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தே கெட்டிருக்கும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருந்த செம்புப் பட்டை வெளியே சிவப்பாக இருந்தாலும் அதன் முனையில் இருக்கும் லக்குக்குள் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) பச்சைக் களிம்பு. அதை 16 ஸ்கொயர் எம்எம் கேபிளால் மாற்றியது. மோட்டாரின் புது எர்த் விழும் இடத்தில் பெயின்ட்டை உலோகம் தெரியச் சுரண்டி, பல் வாஷர் வைத்து 6 மி.மீ போல்ட்டில் இறுக்கி, மேலே வாசலின் பூசியது. வாசலின் இறுக்கிய பிறகு பூசுவது. டெர்மினல்களை ராட்செட் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டது. முறுக்கி டேப் சுற்றும் ஒட்டுக்கு எஞ்சின் அறையில் ஆயுள் கிடையாது. பழைய 'டைரக்ட்' ஒட்டை வெட்டி எடுத்து அந்த வயரை ஒழுங்காக இணைத்தது.

தெர்மோ சுவிட்சின் மரையைக் கம்பி பிரஷால் துடைத்து, டேப் இல்லாமல், முனையிலிருந்து இரண்டாவது மரைக்கு மேல் மட்டும் மெல்லிய திரவ சீலன்ட் தொட்டுத் திருகியது. திருகிய பின் சுவிட்ச் உடலுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே லோடில் அளந்து பார்ப்பதுதான் சான்று.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டது, 82 டிகிரி, புது கேஸ்கெட்டோடு, அதில் காற்றை வெளியேவிடும் சின்ன ஆடும் வால்வு மேல்பக்கம் இருக்கும்படி. 'நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்' என்பது நெடுநாளாக நிலைத்துவிட்ட பழக்கம். அது இல்லாத எஞ்சின் நெடுஞ்சாலையில் சூடேறாமலே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெயில் ஈரம் சேரும். இந்த வண்டியில் அது இன்னொரு கேடும் செய்தது: பைபாஸில் முள்ளைக் கீழே வைத்திருந்து, ஃபேன் படிப்படியாகப் பலவீனமாகி வந்ததை மறைத்துவிட்டது.

வேலைக்குப் பின்

அதே முறையில், சூடான எஞ்சின், அணைத்த நிலை, சாவி ஆன்: பேட்டரியில் 12.4, மோட்டாரில் 12.1. பிளஸ் பக்கம் 0.2, எர்த் பக்கம் 0.1. கரன்ட் 6.8 ஆம்ப். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பேட்டரியில் 13.9, மோட்டாரில் 13.5. ஹெட்லைட்டைப் போட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஐடிலில் 13-க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் கார்பனையும் கவனிக்க வேண்டும், இல்லையென்றால் இரவு நேர நெரிசலில் மட்டும் மறுபடி சூடாகும்.

பிறகு நிழலில் நிறுத்தி ஐடிலில் விட்டபோது, முள் பாதியைத் தொட்டுச் சற்றுத் தாண்டியதும் ஃபேன் கிளம்பியது, இரண்டு நிமிடத்துக்குள் அணைந்தது. இப்படி மூன்று சுற்று தொடர்ந்து, முள் ஒரே இடத்துக்கு ஏறி ஒரே இடத்துக்கு இறங்கினால் குளிர்விப்பு சரியாகிவிட்டது. ஃபேன் நிற்காமலே ஓடினால் காற்று போதவில்லை, அல்லது சுவிட்ச் தவறான அளவு. சாவியை எடுத்ததும் ஃபேன் நின்றுவிடுவது இந்தச் சுற்றின் இயல்பு. அதைக் கோளாறு என்று நினைத்துக் காயிலைப் பேட்டரியோடு நேராக இணைக்க வேண்டாம், சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் காலையில் பேட்டரி செத்திருக்கும்.

இதே வகைக் கார்களில் வரும் மற்ற நிலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் மோட்டாரின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றியும் போனால் வயர் ரேடியேட்டர் தாங்கியின் விளிம்பில் உரசி எர்த் ஆகிறது, கழற்றியதும் நின்றால் மோட்டார் இறுகியிருக்கிறது. குளிர்ந்த எஞ்சினிலும் ஃபேன் ஓடினால் தெர்மோ சுவிட்சின் வயரைக் கழற்ற வேண்டும். நின்றால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டது, நிற்காவிட்டால் அந்த வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது அல்லது ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் மட்டும் நின்று ஓடுவது பெரும்பாலும் பிளக்கின் பெண் டெர்மினல் விரிந்திருப்பதால்.

கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ எஞ்சின் வந்த பிறகான கார்களில் ஃபேன் ரிலேயை எஞ்சின் கம்ப்யூட்டர் இயக்குகிறது. பல மாடல்களில் கூலன்ட் சென்சாரின் பிளக்கைக் கழற்றினால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும். அப்போது ஓடினால் ரிலேயும் மோட்டாரும் உயிரோடு இருக்கின்றன, சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஆனால் ரிலேக்கும் மோட்டாருக்கும் இடையே வோல்ட்டேஜ் இழப்பை அளக்கும் முறை அங்கேயும் இதேதான்; கம்ப்யூட்டரின் இணைப்பு முனை (pin) எதையும் மட்டும் எர்த்தில் தொட்டுப் பார்க்கக் கூடாது.

இந்த வண்டியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியவை: பேட்டரி மைனஸைக் கழற்றிப் பிளேடைக் கையால் சுற்றிப் பார்ப்பது, ஃபேன் ஓடும்போது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் உள்ள வோல்ட்டேஜ் வித்தியாசத்தை அளந்து ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் தேதியோடு எழுதி வைப்பது. வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் மறுபடி துண்டு துண்டாக அளக்கத் தொடங்க வேண்டும்.